நிழலில் நின்ற சாம்பியன்

அமெரிக்காவின் பிலடெல்பியா நகரத்துக்குச் சுற்றுலா போகிறவர்கள் ஒரு குத்துச்சண்டை வீரரின் வெண்கலச் சிலைக்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்ளாமல் திரும்புவதில்லை. இரண்டு கைகளையும் வானத்தை நோக்கி உயர்த்தி நிற்கும் அந்த வீரரின் பெயர் ராக்கி பல்போவா. அப்படி ஒருவர் பிறக்கவே இல்லை. சில்வெஸ்டர் ஸ்டாலோன் எழுதி, நடித்த சினிமாப் பாத்திரம் அவர். 1982இல் வெளியான மூன்றாவது ராக்கி படத்துக்காகச் செய்யப்பட்ட சிலை அது.

அதே நகரத்தில் நிஜமாகவே வாழ்ந்து, நிஜமாகவே இறைச்சிக்கூடத்தில் தொங்கும் மாட்டுத் தொடைகளைக் குத்திப் பயிற்சி செய்து, நிஜமாகவே ஹெவிவெயிட் உலக சாம்பியன் ஆன ஒருவர் இருந்தார். அவர் ஜோ ஃப்ரேஸியர். அவருக்குப் பிலடெல்பியாவில் சிலை வைக்க 2015 செப்டம்பர் ஆயிற்று. அப்போது அவர் இறந்து ஏறக்குறைய நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன.

வறுமையில் பிறந்து முஷ்டி பலத்தால் மேலே வந்த வீரர்கள் குத்துச்சண்டையில் ஏராளம். ஃப்ரேஸியர் கதையில் வேறொரு விசித்திரம் உண்டு. அவர் ஏறிய ஒவ்வொரு படியிலும் அவருக்கு முன்பே இன்னொருவர் நின்றிருந்தார். ஒலிம்பிக்கில் அது பஸ்டர் மாதிஸ். உலகப் பட்டத்தில் முகமது அலி. அவர்கள் விலகியதால் கிடைத்த இடம்தானே என்று உலகம் சொன்னது. அந்த ஒரு வார்த்தையைப் பொய்யாக்குவதற்கே ஃப்ரேஸியரின் பாதி வாழ்க்கை செலவாயிற்று.

1944 ஜனவரி 12ஆம் தேதி தெற்கு கரோலினா மாநிலத்தின் பியூஃபர்ட் பகுதியில், ஏழை விவசாயக் குடும்பத்தில் 12ஆவது குழந்தையாகப் பிறந்தவர் ஃப்ரேஸியர். துப்பாக்கிச் சூடு ஒன்றில் இடது கையை இழந்தவர் அப்பா ரூபின். அவர் ஒரு கையால் செய்ய முடியாத வேலைகளுக்கு இன்னொரு கையாக நின்றது சின்ன மகன் ஜோதான்.

1950களின் தொடக்கத்தில் அந்த வீட்டுக்கு ஒரு கறுப்பு வெள்ளை டெலிவிஷன் வந்தது. குத்துச்சண்டை ஒளிபரப்பாகும் இரவுகளில் அக்கம்பக்கத்தார் கூடிவிடுவார்கள். பையனின் கட்டுமஸ்தான உடலைப் பார்த்த சித்தப்பா முறை உறவினர் ஒருவர், இவன் இன்னொரு ஜோ லூயிஸ் ஆவான் என்று சொல்லிவைத்தார். மறுநாளே ஒரு கோணிப்பை, கந்தல், சோளத் தக்கை, நடுவில் ஒரு செங்கல் எல்லாம் சேர்ந்து மரக்கிளையில் தொங்கின. அதைத் தினமும் குத்துவது பையனுக்கு வழக்கமாயிற்று.

இடது கைக்கு ஒரு கதை உண்டு. வீட்டில் வளர்த்த பெரிய பன்றி ஒன்றை ஜோ சீண்டப்போக, அது துரத்தியது. ஓடும்போது விழுந்து இடது கை அடிபட்டது. வைத்தியம் பார்க்க வசதியில்லை. எலும்பு கோணலாகவே சேர்ந்தது. அதன் பிறகு அந்தக் கையை முழுவதுமாக நீட்ட அவரால் முடிந்ததில்லை. சதா மடங்கியே இருந்த அந்தக் கைதான் பின்னாளில் குத்துச்சண்டை உலகம் பயந்த 'லெஃப்ட் ஹுக்' ஆனது.

வெள்ளைக்காரப் பண்ணை முதலாளியோடு உரசல் ஏற்பட்டபோது ஜோவுக்கு 15 வயது. தெற்கு மாநிலங்களில் கறுப்பினப் பையன் ஒருவன் எதிர்த்துப் பேசினால் என்ன நடக்கும் என்று அம்மா டாலிக்குத் தெரியும். ஊரைவிட்டுப் போய்விடு என்றார். நியூயார்க்கில் இருந்த அண்ணன் வீட்டுக்குப் பஸ் ஏறிய ஜோ, பிறகு பிலடெல்பியாவில் ஓர் இறைச்சிக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தார்.

சாம்பியன் ஆகவேண்டும் என்று அவர் பயிற்சிக்கூடத்துக்குப் போகவில்லை. உடம்பு பருத்துவிட்டது, இளைக்கவேண்டும் என்றுதான் 1961இல் போலீஸார் இளைஞர்களுக்காக நடத்திய ஜிம்மில் சேர்ந்தார். அங்கே யாங்க் டர்ஹாம் என்ற பயிற்சியாளரின் கண்ணில் பட்டார். அடுத்து வந்த மூன்று ஆண்டுகளும் 'கோல்டன் குளவ்ஸ்' அமெச்சூர் பட்டம் அவருக்குத்தான்.

அமெச்சூர் குத்துச்சண்டையின் கணக்கு வேறு. மூன்றே ரவுண்டு. தொட்டுவிட்டு விலகும் கெட்டிக்காரர்களுக்குப் புள்ளிகள் சேரும். மெதுவாகச் சூடேறி, எதிராளியை உடைத்து நொறுக்கும் ஃப்ரேஸியர் போன்றவர்களுக்கு அந்த 9 நிமிடம் போதாது. ஏறக்குறைய 300 பவுண்டு எடையோடு லாகவமாக நகரக்கூடிய பஸ்டர் மாதிஸ், 1964 ஒலிம்பிக் தேர்வுப் போட்டியில் அவரைப் புள்ளிக் கணக்கில் வென்றார். டோக்கியோவுக்கு மாதிஸ்தான் போவதாக இருந்தது. ஆனால் மாதிஸின் கையில் அடிபட்டது. மாற்று ஆளாக விமானம் ஏறினார் ஃப்ரேஸியர்.

டோக்கியோவில் அரை இறுதியில் சோவியத் வீரர் வாடிம் யெமெல்யனோவைச் சாய்த்தபோது ஃப்ரேஸியரின் இடது கட்டைவிரல் முறிந்தது. வெளியே சொன்னால் இறுதிப் போட்டிக்கு அனுமதி கிடைக்காது. வாய் திறக்கவில்லை. ஜெர்மனியின் ஹான்ஸ் ஹூபருக்கு எதிராகப் பெரும்பாலும் வலது கையை வைத்தே சமாளித்தார். ஐந்து நடுவர்களில் மூன்று பேர் அவர் பக்கம். அந்த ஒலிம்பிக் குத்துச்சண்டையில் அமெரிக்காவுக்குக் கிடைத்த ஒரே தங்கம் அது. ஏகலைவன் கட்டைவிரலைக் கொடுத்து வித்தையை இழந்தான். இவர் கட்டைவிரலைக் கொடுத்துத் தங்கம் வாங்கினார்.

தங்கம் சோறு போடவில்லை. ஊருக்குத் திரும்பியவருக்குக் கையில் கட்டு, வேலை இல்லை. அப்போது மனைவி, குழந்தைகள் என்று குடும்பமும் ஆகிவிட்டது. 1965 ஆகஸ்டில் தொழில்முறைப் போட்டியில் இறங்கி முதல் ரவுண்டிலேயே வென்றாலும் கைக்கு வந்தது சொற்பம். குத்துச்சண்டையில் சூதாட்டக் கும்பல்களின் பிடி முற்றிலும் தளராத காலம் அது. பிலடெல்பியாவின் வியாபாரிகள் சிலர் ஒன்றுசேர்ந்து 'குளோவர்லே' என்ற நிறுவனத்தைத் தொடங்கினார்கள். ஒரு பங்கு 250 டாலர். ஃப்ரேஸியர் என்ற மனிதர் பங்குச் சரக்கானார். ஆனால் மாதச் சம்பளம் போல ஒரு வரும்படி கிடைத்ததால் முழுநேரமும் பயிற்சியில் இறங்க முடிந்தது.

ஹெவிவெயிட் வீரர்களுக்கு நடுவே அவர் குள்ளம். உயரம் ஆறடிக்குக் கொஞ்சம் குறைவு. கையின் வீச்சும் குறைவு. தூரத்தில் நின்றால் அடி வாங்கத்தான் முடியும். எனவே எதிராளியின் நெஞ்சோடு ஒட்டி நிற்பதே ஒரே வழி. இடுப்பை வளைத்து, தலையை இடமும் வலமும் ஆட்டி, குனிந்து குனிந்து முன்னேறும் பாணியை டர்ஹாமும், பின்னர் வந்து சேர்ந்த எடி ஃபட்ச்சும் சேர்ந்து செதுக்கினார்கள். உள்ளே புகுவதற்கு விலையாக இரண்டு மூன்று குத்துகளை முகத்தில் வாங்கிக்கொள்ளவேண்டும். ரயில் என்ஜின் மாதிரி மூச்சுவிட்டுக்கொண்டு வரும் அவருக்கு 'ஸ்மோக்கிங் ஜோ' என்ற பெயர் நிலைத்தது. 1966இல் அர்ஜெண்டினாவின் ஆஸ்கர் போனவேனா ஒரே ரவுண்டில் இரண்டு முறை அவரை வீழ்த்தினார். இரண்டு முறையும் எழுந்து, 10 ரவுண்டு நின்று, வென்றார்.

1967 ஏப்ரலில் வியட்நாம் போருக்குப் போகமாட்டேன் என்று மறுத்த முகமது அலியிடமிருந்து பட்டம் பறிக்கப்பட்டது. காலியான சிம்மாசனத்துக்கு ஆளுக்கொரு பக்கம் போட்டி நடத்தினார்கள். 1968 மார்ச் 4ஆம் தேதி, நியூயார்க் குத்துச்சண்டை ஆணையத்தின் பட்டத்துக்காக ஃப்ரேஸியர் மோதினார். எதிரே நின்றவர் அதே பஸ்டர் மாதிஸ். இந்த முறை மூன்று ரவுண்டு கணக்கு இல்லை. 11ஆவது ரவுண்டில் மாதிஸ் விழுந்தார். பழைய கடன் ஒன்று தீர்ந்தது. 1970 பிப்ரவரியில் இன்னொரு அமைப்பின் சாம்பியனான ஜிம்மி எல்லிஸ், ஃப்ரேஸியரிடம் அடிபட்டு ஐந்தாவது ரவுண்டுக்கு எழுந்து வரவில்லை. எல்லாப் பட்டமும் ஒரே கைக்கு வந்தது.

ஆனால் தெருவில் போகிறவர்களைக் கேட்டால் சாம்பியன் யார் என்பதற்கு அலி என்றே பதில் வந்தது. ரிங்கில் தோற்காதவரின் இடத்தில் உட்கார்ந்தவரை யார் ஏற்பார்கள்? இது ஃப்ரேஸியருக்கும் தெரியும். தடைக்காலத்தில் அலிக்குப் பண உதவி செய்ததாகவும், அவருக்கு லைசென்ஸ் திரும்பக் கிடைக்க அதிபர் நிக்ஸனிடமே பேசியதாகவும் ஃப்ரேஸியர் பின்னாளில் சொன்னார். நட்பு இருந்தது. கூடவே ஒரு தேவையும் இருந்தது. அலியை வெல்லாமல் அவர் சாம்பியன் இல்லை.

லைசென்ஸ் கிடைத்ததும் அலி நாக்கைச் சுழற்ற ஆரம்பித்தார். ஃப்ரேஸியர் குரூபி, மடையர், 'அங்கிள் டாம்' என்றார். வெள்ளையருக்குக் குனிந்து சேவகம் செய்யும் கறுப்பர் என்று பொருள். ஒரு கறுப்பரைப் பார்த்து இன்னொரு கறுப்பர் சொல்லக்கூடிய உச்சகட்ட வசவு அது. கூலி விவசாயத்தின் சேற்றிலிருந்து வந்தவரை நகரத்தில் ஓரளவு வசதியோடு வளர்ந்தவர் இப்படிச் சொன்னார். ஃப்ரேஸியரின் பின்னால் வெள்ளை முதலாளிகள் இருந்தது உண்மை. அலியின் தொழில்முறை வாழ்க்கையும் லூயிவில் நகரத்து வெள்ளைப் பணக்காரர்கள் 11 பேர் போட்ட முதலில்தான் தொடங்கியது என்பதை யாரும் ஞாபகம் வைத்துக்கொள்ளவில்லை. டிக்கெட் விற்பதற்காகச் செய்த விளம்பரம் என்று அலியின் ஆட்கள் சொல்லலாம். பள்ளிக்கூடத்தில் கேலிக்கு ஆளான ஃப்ரேஸியரின் பிள்ளைகளுக்கு அந்த வித்தியாசம் புரியவில்லை.

1971 மார்ச் 8. நியூயார்க் மாடிசன் ஸ்கொயர் கார்டன். ஆளுக்கு 25 லட்சம் டாலர். அதுவரை எந்தக் குத்துச்சண்டை வீரரும் பார்த்திராத தொகை. இருவருமே தோல்வி காணாதவர்கள். அலி அப்பர்கட் வீசும்போது வலது கை கீழே இறங்குகிறது, அந்த நொடியில் முகம் திறந்திருக்கும் என்று ஃபட்ச் கணித்துச் சொல்லியிருந்தார். முதல் சில ரவுண்டுகளில் அலியின் கை ஓங்கியது. அடி வாங்கியபடியே ஃப்ரேஸியர் நெருங்கினார். 11ஆவது ரவுண்டில் அலியின் கால்கள் தள்ளாடின. 15ஆவது, கடைசி ரவுண்டில், பன்றி துரத்தியபோது முறிந்த அந்தக் கை தரையை ஒட்டிக் கிளம்பி அலியின் தாடையில் இறங்கியது. அலி மல்லாந்து விழுந்தார். நான்கு எண்ணுவதற்குள் எழுந்துவிட்டார் என்பது அலியின் பெருமை. மூன்று நடுவர்களும் ஃப்ரேஸியரையே வெற்றியாளர் என்றார்கள்.

அன்றிரவு அவர் மாற்று ஆள் இல்லை. சந்தேகமில்லாத சாம்பியன். ஆனால் அந்த வெற்றிக்குக் கொடுத்த விலையாக ஆஸ்பத்திரியில் படுத்தார். ஊர் மறக்கவில்லை. அடுத்த மாதமே தெற்கு கரோலினா சட்டசபை அவரை அழைத்துப் பேசவைத்தது. எதிர்த்துப் பேசியதற்காக 15 வயதில் ஊரைவிட்டுக் கிளம்பவேண்டி வந்த மாநிலம் அது.

பட்டம் இரண்டு ஆண்டுகூட முழுதாக நிலைக்கவில்லை. 1973 ஜனவரி 22ஆம் தேதி ஜமைக்காவின் கிங்ஸ்டனில் ஜார்ஜ் ஃபோர்மன் இரண்டே ரவுண்டில் ஆறு முறை அவரை வீழ்த்தினார். நெருங்கி வருகிறவரைத் தள்ளி நிறுத்தி அடிக்கும் பலம் ஃபோர்மனுக்கு இருந்தது. ஃப்ரேஸியரின் பாணிக்கு அதைவிட மோசமான எதிராளி இல்லை. அந்த ஆண்டே டர்ஹாமும் இறந்துபோனார்.

அலியோடு 1974இல் நடந்த இரண்டாவது மோதலில் தோல்வி. 1975 அக்டோபர் 1ஆம் தேதி மணிலாவில் மூன்றாவது மோதல். இந்த முறை அலி ரப்பர் கொரில்லா பொம்மையைக் கையில் வைத்துக்கொண்டு கேலி பேசினார். புழுக்கம் தாங்காத அரங்கத்தில் 14 ரவுண்டு இருவரும் ஒருவரையொருவர் அழித்துக்கொண்டார்கள். ஃப்ரேஸியரின் வலது கண் வீங்கி மூடிவிட்டது. இடது கண்ணில் அவருக்கு முன்பிருந்தே பார்வைக் கோளாறு. வரும் குத்து தெரியவில்லை. கடைசி ரவுண்டுக்கு எழ முயன்றவரை ஃபட்ச் தோளைப் பிடித்து உட்காரவைத்தார். ரிங்கில் வீரர்கள் செத்துப்போனதைப் பார்த்தவர் ஃபட்ச். எதிர் மூலையில் வென்ற அலி தரையில் சரிந்தார். மரணத்துக்கு மிக அருகில் போய் வந்ததாகப் பிறகு சொன்னார். ஃபட்ச் செய்தது சரி என்று உலகம் சொன்னது. ஃப்ரேஸியர் மட்டும் அந்த மூன்று நிமிடத்தைக் கடைசிவரை கேட்டுக்கொண்டே இருந்தார்.

மொத்தம் 37 போட்டிகளில் 32 வெற்றி, 4 தோல்வி, ஒரு டிரா. தோற்றது அலி, ஃபோர்மன் இருவரிடம் மட்டுமே. கணக்குப் புத்தகம் சுத்தமாக இருந்தது. மனசு சுத்தமாகவில்லை. 1996இல் அட்லாண்டாவில் நடுங்கும் கையோடு அலி ஒலிம்பிக் ஜோதியை ஏற்றியபோது உலகம் கண்ணீர் விட்டது. அந்தத் தீக்குள் அலி விழுந்திருக்கலாம் என்ற பொருளில் ஃப்ரேஸியர் பேசினார். கேட்டவர்கள் முகம் சுளித்தார்கள். சுளிக்கவேண்டிய பேச்சுதான். ஆனால் 25 ஆண்டுகளுக்கு முன் அந்தக் கசப்பை ஊற்றியது யார் என்று கேட்டவர்கள் குறைவு. 2001இல் அலி ஒரு பத்திரிகை வாயிலாக மன்னிப்புக் கேட்டார். தன் முகத்துக்கு நேரே சொல்லியிருக்கலாமே என்பது ஃப்ரேஸியரின் ஆதங்கம்.

பணமும் தங்கவில்லை. பிலடெல்பியாவில் தன் பெயரில் நடத்திய ஜிம்முக்கு மேல்மாடியிலேயே வெகுகாலம் குடியிருந்தார். 2008இல் ஜிம் மூடப்பட்டது. பிறகு அந்தக் கட்டிடம் மரச்சாமான் கடையானது. 2011 நவம்பர் 7ஆம் தேதி, ஈரல் புற்றுநோயால் 67 வயதில் இறந்தார்.

இறுதிச் சடங்குக்கு அலி வந்திருந்தார். பார்க்கின்சன் நோயால் தளர்ந்திருந்த நிலையிலும் எழுந்து நின்று கைதட்டினார். நேரில் வரவேண்டும் என்று ஃப்ரேஸியர் கேட்டது அப்போதுதான் நடந்தது.

நான்கு ஆண்டுகள் கழித்துப் பிலடெல்பியா திறந்த சிலையில் ஃப்ரேஸியர் இடது கையை வீசி முடித்த கோலத்தில் நிற்கிறார். 1971 மார்ச் 8, 15ஆவது ரவுண்டு. எதிரே விழுந்து கிடப்பவரைச் சிற்பி செதுக்கவில்லை. வாழ்நாள் முழுவதும் இன்னொருவரின் நிழலில் நின்றவருக்குத் தனியாக நிற்க ஓர் இடம் கிடைத்தது அங்கேதான்.