பாட்டியும் சேர்த்து விலை

இந்த வாரக் கோபத்துக்குக் காரணம் ‘கண்டென்ட்’. பழைய வாசகர்கள் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். இந்தச் சொல்லோடு எனக்குள்ள தகராறை ஏற்கெனவே மூன்று முறை எழுதியிருக்கிறேன் என்பது நினைவிருக்கிறது. நான்காவது முறை எழுத வைத்தவன் என் தங்கை மகன்.

ஞாயிற்றுக்கிழமை காலை லேப்டாப்போடு வந்தான். “மாமா, ஒரு ரெடிமேட் வெப்சைட் வாங்கப் போறேன். சமையல் சைட். நானூறு கண்டென்ட் இருக்கு. ஒரு தடவை பார்த்துச் சொல்லுங்க” என்றான்.

நானூறு என்ன? குறிப்புகளா, கட்டுரைகளா?

“கண்டென்ட் மாமா.”

லாரியில் ஏற்றும் சரக்குக்குக்கூட மூட்டை, சிப்பம், பெட்டி என்று பெயர் உண்டு. அரிசிக் கடையில் போய் நாலு கிலோ தானியம் கொடு என்றால் சிரிப்பார்கள். பொன்னியா, இட்லி அரிசியா, பழசா, புதுசா என்று கேட்பார்கள். எழுத்துக்குத்தான் இந்தக் கதி. சிறுகதையும் கண்டென்ட், கத்தரிக்காய் விலையும் கண்டென்ட். போன மாதம் ஒரு விழாவில் என்னை அறிமுகப்படுத்திய இளைஞர், “இருபது வருஷமா வாராவாரம் கண்டென்ட் குடுத்துட்டு இருக்கார்” என்றார். வீட்டுக்கு வீடு பால் ஊற்றுகிறவன்போல நின்றேன். பால்காரரையாவது தண்ணீர் கலந்தால் கேட்க ஆளிருக்கிறது.

போகட்டும், விஷயத்துக்கு வருகிறேன். ஓடிக்கொண்டிருக்கும் இணையதளத்தை அப்படியே வாங்குவதும் விற்பதும் பெரிய சந்தை. மெல்பர்னில் 2009-இல் தொடங்கிய ஃப்ளிப்பா போன்ற இடங்களில் இதற்கு ஏலமே நடக்கிறது. மாத லாபம் எவ்வளவோ அதைப்போல் முப்பது, நாற்பது மடங்கு என்று விலை பேசுவது வழக்கம். மாதம் பத்தாயிரம் ரூபாய் தரும் தளத்துக்கு மூன்று, நான்கு லட்சம் கேட்பார்கள். பணத்தை நடுவில் ஒருவர் பிடித்து வைத்திருப்பார். முகவரி, கடவுச்சொல் எல்லாம் கைமாறிய பிறகுதான் அது விற்றவருக்குப் போகும். “நன்றாக நடந்துகொண்டிருக்கும் டீக்கடை, வெளியூர் செல்வதால் விற்பனைக்கு” என்று வரிவிளம்பரத்தில் வருமே, அதே கதைதான். நீங்கள் பார்க்க வருகிற அன்று அந்த டீக்கடை பெஞ்சு நிறைய உட்கார்ந்திருப்பவர்கள் முதலாளியின் சொந்தக்காரர்கள். இங்கே அந்த வேலையை மென்பொருள் செய்கிறது. வந்துபோனவர் எண்ணிக்கை கிடுகிடுவென்று ஏறும். டீ வாங்கித் தர வேண்டிய செலவுகூட இல்லை.

தளத்தைத் திறந்தோம். முகப்பில் ஒரு பாட்டி. மூக்குத்தி, நெற்றியில் விபூதி, கையில் கரண்டி, ‘அறுபது ஆண்டு கைமணம்’ என்று ஒரு வரி. வத்தக்குழம்பைப் படித்தேன். புளியைக் கரைத்து, கொதிக்கவிட்டு, கடைசியில் நான்கு மேசைக்கரண்டி ஃப்ரெஷ் க்ரீம் சேர்த்து இறக்கச் சொல்லியிருந்தார். பாட்டியை மறுபடி உற்றுப் பார்த்தேன். கரண்டிக் காம்பு உள்ளங்கைக்குள் போயிருந்தது, மறுபக்கம் வரவேயில்லை.

“யாருடா இந்த அம்மா?”

“ஏஐ மாமா. சைட்டோட வரும்.”

“பாட்டியுமா?”

“லோகோ, ஃபேஸ்புக் பேஜ், பாட்டி, எல்லாம் சேர்த்துத்தான் ரேட்டு.”

அதற்குமேல் அவன் சொன்னது எதுவும் என் காதில் ஏறவில்லை. இல்லாத பாட்டியை உண்டாக்கினால்கூடப் போகிறது என்று விடலாம். ‘தி அனஃபிஷியல் ஆப்பிள் வெப்லாக்’ என்று ஓர் அமெரிக்கத் தளம் இருந்தது, 2015-இல் மூடிவிட்டார்கள். முகவரியை வாங்கிய புதியவர்கள் 2024-இல் அதைத் திறந்தபோது, இயந்திரம் எழுதிய கட்டுரைகளின் மேல் அங்கே முன்பு வேலைபார்த்தவர்களின் பெயர்களைப் போட்டார்கள். பெயர் அவர்களுடையது, படத்திலிருந்த முகம் இயந்திரம் வரைந்தது. உரியவர்கள் சத்தம்போட்ட பிறகு அந்தப் பெயர்களை மாற்றினார்கள்.

உயிரோடிருப்பவர்கள் சத்தம் போடலாம். ஏரிக்காரர் என்ன செய்வார்?

ஏரிக்காரரை இந்தப் பத்தியின் வாசகர்களுக்குத் தெரியும். ஓய்வுபெற்ற போஸ்ட்மாஸ்டர். ஸ்கூட்டரில் அலைந்து, தன் வட்டத்து ஏரிகளில் எதற்கு எத்தனை மதகு, கலங்கல் எந்தப் பக்கம், நிறைந்து வழிந்தால் தண்ணீர் அடுத்து எந்த ஏரிக்குப் போகும் என்று குறித்து, சொந்தக் காசில் ஓர் இணையதளத்தில் ஏற்றியவர். கல்லூரிப் பக்கங்களிலும் ஆய்வேட்டு அடிக்குறிப்புகளிலும் அந்த முகவரி இருக்கிறது. மூன்று வருஷம் முன்பு காலமானார். ஆண்டுக் கட்டணம் கட்டச் சொல்லும் கடிதங்கள் அவருடைய மின்னஞ்சலுக்கே போய்க்கொண்டிருந்தன. தொகை ஆயிரம் ரூபாய் சொச்சம். திறந்து பார்க்கத்தான் ஆளில்லை.

இணைய முகவரிக்கும் பத்தாம் நாள், பதினாறாம் நாள்போல் கணக்கு உண்டு. கெடு தாண்டியதும் பதிவு நிறுவனம் கொஞ்ச நாள் பொறுக்கும். பிறகு டாட்காம் முகவரி என்றால் முப்பது நாள் மீட்புக் காலம், அபராதம் கட்டி வாங்கிக்கொள்ளலாம். அதற்குப் பின் ஐந்து நாள், உரியவரே வந்தாலும் ஒன்றும் நடக்காது. அதுவும் முடிந்தால் முகவரி பொதுவில் விழும். விழுகிற நொடியில் பிடிப்பதற்கென்றே நிறுவனங்கள் இருக்கின்றன.

பிடித்தவர்களுக்கு ஏரி எதற்கு? ஏரி வேண்டாம். பத்தொன்பது வருஷமாக ‘அங்கே போய்ப் பார்’ என்று பேராசிரியர்களும் மாணவர்களும் காட்டிய கை வேண்டும். அப்படி வரும் இணைப்புகளையும் எண்ணித்தானே கூகுள் ஒரு தளத்துக்கு மதிப்புப் போடுகிறது. இப்போது அந்த முகவரியில் நடப்பது இந்தோனேசிய மொழியில் ஸ்லாட் சூதாட்டம். அந்நாட்டில் சூதாட்டம் சட்டவிரோதம் என்பதால் கௌரவமான பழைய முகவரிகளுக்கு அங்கே கிராக்கி. காலாவதியான முகவரியை இப்படிப் பயன்படுத்துவதை 2024 மார்ச்சில் கூகுள் தன் தடைப்பட்டியலில் சேர்த்தது. ஆனாலும் செவ்வாய்க்கிழமை நான் திறந்தபோது, மதகுகள் இருந்த இடத்தில் செர்ரிப் பழங்கள் சுழன்றுகொண்டிருந்தன.

இந்தச் சந்தையில் எனக்குப் பிடித்த வியாபாரி ஒருவர் உண்டு. பிடித்த இணைப்புகளைச் சேமித்துவைக்க 2003-இல் வந்த ‘டெலிஷியஸ்’, யாஹூ உட்படப் பல கை மாறி நொந்துபோனது. 2017-இல் அதன் குட்டிப் போட்டியாளரான ‘பின்போர்ட்’ உரிமையாளர் 35,000 டாலருக்கு அதை வாங்கினார். புதிதாக யாரும் எதையும் சேர்க்க முடியாது, இருப்பதைப் பார்க்கலாம் என்று வைத்தார். போட்டிக் கடையை வாங்கி, கல்லாவை மூடிவிட்டு, அலமாரியை மட்டும் துடைத்துவைத்த மனிதர்.

ஏரிக்காரருக்கு அப்படி ஒருவர் வாய்க்கவில்லை. பழைய பக்கங்களைப் படியெடுத்து வைக்கும் இன்டர்நெட் ஆர்க்கைவில் தேடினேன். சில பக்கங்கள் அகப்பட்டன. படங்கள் போய்விட்டன, எழுத்து இருக்கிறது. ஒரு கலங்கலைப் பற்றிய குறிப்பு இப்படி முடிகிறது: இங்கே செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கவும், பாசி அதிகம், நான் விழுந்திருக்கிறேன்.

இதைக் கண்டென்ட் என்று யாராவது என் முகத்துக்கு நேராகச் சொல்லட்டும்.

அன்று மாலையே என் தளத்துக்குப் பத்து வருஷப் பணம் கட்டினேன். அதற்குமேல் ஒரே தடவையில் வாங்க மாட்டார்களாம். கடவுச்சொல்லை கேஸ் இணைப்பு எண், எல்ஐசி பாலிசி எண் எழுதிவைத்திருக்கும் நோட்டில் எழுதி, மனைவியிடம் காட்டினேன்.

இரவு தங்கை மகன் போன் செய்தான். ரொம்ப யோசித்திருக்கிறான், குரலிலேயே தெரிந்தது.

“மாமா, பாட்டி வேணாம்னு சொன்னா ரேட்டைக் குறைப்பாங்களா?”