"பாஸ் பேப்பர்ல வந்ததா சேர்?"

கொஞ்சம் நீளமான பதிவு. கோபம் வந்தாலும் கடைசி வரை வாசித்துவிட்டு கொமெண்டில் வாருங்கள்.

சென்ற வாரம் உயர்தர உயிரியல் வகுப்பில் ஆர்க்கியா படிப்பித்துக்கொண்டிருந்தேன். ஒரு மாணவி எழும்பிக் கேட்டாள்: "சேர், இந்த உயிருக்கு மூளையும் இல்ல, நரம்பும் இல்ல. எந்த ஜீன் எப்ப வேலை செய்யணும்டு அதுக்கு ஆரு சொல்ற?"

நல்ல கேள்வி. இருபது நிமிடம் எடுத்துப் பதில் சொன்னேன். இடைவேளையில் ஆசிரியர் அறையில் ஒரு மூத்த ஆசிரியர் சிரித்தார். "ஆர்க்கியாவுல மிஞ்சினா ஒரு எம்சிகியூ. கொதிநீர், உப்பு, மெதேன், மூணு சொல்லும் போதும். நீங்க சொன்னது பாஸ் பேப்பர்ல வந்ததா சேர்?"

வரவில்லைதான். ஆனால் அந்தச் சிரிப்புக்கு நான் பதில் சொல்லியே ஆக வேண்டும்.

மெதனோசார்சினா மசேய் என்று ஓர் ஆர்க்கியா. ஒட்சிசன் இல்லாத சேற்றில் வாழ்ந்து மெதேன் விடுகிற வகை. நமது வட்டைகளில் தண்ணீர் கட்டி நிற்கும் வயலின் சேற்றிலும் இதன் இனத்தார் இருக்கிறார்கள். நைதரசன் உணவு கிடைக்காவிட்டால் இது வளியின் நைதரசனையே பிடித்து அமோனியாவாக்கும். லேசான வேலை அல்ல. ஒரு நைதரசன் மூலக்கூற்றுக்குக் குறைந்தது 16 ஏடிபி செலவு. தேவையில்லாத நேரத்தில் அந்த நொதியத்தைச் செய்தால் வீண் செலவு. தேவையான நேரத்தில் செய்யாவிட்டால் பட்டினி.

இங்கேதான் எஸ்ஆர்என்ஏ154 என்ற சின்ன ஆர்என்ஏ வருகிறது. இதிலிருந்து எந்தப் புரதமும் உருவாவதில்லை. நைதரசன் தட்டுப்பாட்டில் மட்டும்தான் இது தோன்றும். தோன்றியதும் நைதரசன் பதிக்கும் நொதியத்துக்கான தூது ஆர்என்ஏயுடன் சோடி சேர்ந்து, அது சீக்கிரம் சிதையாமல் காக்கிறது. அந்த ஜீன்களைத் தூண்டும் புரதத்தின் தூது ஆர்என்ஏயையும் அப்படியே காக்கிறது. ஆனால் இன்னொரு தூது ஆர்என்ஏயில் றைபோசோம் வந்து குந்தும் இடத்தையே மூடிவிடுகிறது. அந்தப் புரதத்தின் உற்பத்தி தடைப்படுகிறது. ஒரே மூலக்கூறு ஓரிடத்தில் காவல், இன்னோரிடத்தில் பூட்டு. அதன் ஜீனை நீக்கிப் பார்த்தார்கள். நைதரசன் குறைந்த சூழலில் வளர்ச்சி நன்றாகவே குறைந்தது. 2017இல் வெளியான ஆய்வு இது. ஜெர்மனியின் கீல் பல்கலைக்கழகத்தில் செய்தது.

இப்போது சொல்லுங்கள், "ஆர்என்ஏ என்பது டிஎன்ஏயின் செய்தியைக் கொண்டுபோகும் தபால்காரன்" என்று நோட்ஸில் ஒரு வரி எழுதிக் கொடுத்துவிட்டுப் போனால் அது படிப்பித்தலா? அந்த வரி பிழையில்லை, பாதி. பாதியை முழுசு என்று கொடுப்பதுதான் பிழை.

"ஆதி உயிர், அற்ப உயிர்" என்ற பேச்சும் அப்படித்தான். 1977இல் கார்ல் வூஸும் ஜோர்ஜ் ஃபொக்ஸும் றைபோசோம் ஆர்என்ஏயை ஒப்பிட்டுத்தான் இவை பற்றீரியா அல்ல என்று காட்டினார்கள். டிஎன்ஏயிலிருந்து ஆர்என்ஏ எடுக்கும் இயந்திரத்தைப் பார்த்தால் ஆர்க்கியா பற்றீரியாவை விட நமக்குத்தான் கிட்ட.

"இதைப் படிச்சி என்ன பிரயோசனம்" என்பவர்களுக்கு ஒன்று. 1993இல் விக்டர் அம்புரோஸும் கேரி ருவ்குனும் ஒரு மில்லிமீற்றர் புழுவில் மைக்ரோ ஆர்என்ஏயைக் காட்டினார்கள். பல வருடம் அதைப் புழுவின் தனிக்குணம் என்றே பலரும் நினைத்தார்கள். 2024இல் அதற்குத்தான் நோபல். ஆர்க்கியாவின் சின்ன ஆர்என்ஏ வேறு வகை, மைக்ரோ ஆர்என்ஏ என்று குழப்பக்கூடாது. ஆனால் சின்னதைச் சிரித்து ஒதுக்கும் பழக்கம் ஒன்றேதான்.

நமது பிள்ளைகள் 2021இல் இரசாயனப் பசளை இறக்குமதி தடையானபோது வாப்பாமார் வயலைப் பார்த்து நின்றதைக் கண்டவர்கள். நைதரசன் இல்லாவிட்டால் என்ன நடக்கும் என்று அவர்களுக்குப் புத்தகம் சொல்லத் தேவையில்லை. அதே தட்டுப்பாட்டை ஒரு கலம் எப்படிச் சமாளிக்கிறது என்று சொன்னால் கண் விரிகிறது. அந்தக் கண்ணை "பேப்பர்ல வராது" என்று மூட நமக்கு என்ன உரிமை?

பாடத்திட்டம் பெரிது, நேரம் குறைவு, எல்லாம் உண்மை. நானும் அதே மணியடிப்புக்குள்தான் ஓடுகிறேன். எல்லாப் பிள்ளைக்கும் இதை மனனம் செய்யக் கொடுங்கள் என்று நான் சொல்லவில்லை. கேட்ட பிள்ளையை இருத்திவிடாதீர்கள் என்றுதான் சொல்கிறேன். புள்ளித்திட்டத்தில் இல்லாத கேள்வியைக் கேட்பவர்தான் நாளைக்கு அந்தப் பாடப்புத்தகத்தைத் திருத்துவார்.

சேர், நீங்கள் எனக்கு மூத்தவர், மரியாதை குறையாது. ஆனால் அடுத்த வருடமும் ஒரு பிள்ளை எழும்பிக் கேட்டால், அந்த இருபது நிமிடத்தை நான் கொடுக்கத்தான் போகிறேன்.