இறவை எஞ்சினும் சிந்தும் எண்ணெயும்

எண்ணெய் எஞ்சினைக் கொண்டு கிணற்று நீர் இறைக்கும் முறை, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆல்பிரட் சாட்டர்டன் முதலியோரின் முயற்சியால் சென்னை மாகாணத்தில் பரவலாயிற்று. மின்சார மோட்டார்கள் பெருகிய பின்னரும், கம்பி எட்டாத கிணறுகளில் எஞ்சினே இன்றும் ஊழியம் செய்து வருகிறது. அதன் பழைய குறையொன்றும் உடன் தங்கிவிட்டது. கொட்டகைத் தரை கறுத்து வழவழவென்றிருப்பதைப் பல இடங்களிற் காணலாம். எஞ்சினென்றால் எண்ணெய் சிந்தத்தான் செய்யும் என்று குடியானவர் அதனைப் பொருட்படுத்துவதில்லை. இவ்வெண்ணம் பிழையானது.

சிந்துவது சொட்டுக் கணக்குத்தானே எனலாம். இரண்டு விநாடிக்கு ஒரு சொட்டு வீதம் ஒழுகும் எஞ்சின் நாளொன்றுக்கு 8 மணி நேரம் ஓடினால் 14,400 சொட்டுக்கள் வீணாகின்றன. சுமார் 20 சொட்டு 1 மில்லிலிட்டர் ஆதலின், ஒரு நாளைய நஷ்டம் முக்கால் லிட்டருக்குச் சற்றே குறையும். இதைத் தடுக்கக்கூடிய வாஷரின் விலையோ மிக அற்பம்.

பணநஷ்டத்தினும் பெரிது ஆளுக்கு நேரும் அபாயம். ஒருபுறம் சுழலும் சக்கரமும் வாரும், மறுபுறம் திறந்த கிணறும் இருக்க, நடுவே எண்ணெய் படிந்த தரையில் இருட்டு வேளையில் நின்று எஞ்சினை முடுக்குபவன் கூலியாள். 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் 1976-இல் திருத்தப்பட்டபோது, வழுக்கக்கூடிய பொருள்கள் தரையில் இருத்தலாகாதென்று அதன் 32-ஆவது பிரிவிற் சேர்க்கப்பட்டது. ஆலைக்கு வேண்டிய இவ்வொழுங்கு கிணற்றடிக்கு வேண்டாமென்பது நியாயமன்று. ஆள் வழுக்கி விழுந்தால் அவனுடைய அஜாக்கிரதை என்கிறார்கள். வாஷர் மாற்றுவதை மூன்று மாதம் தள்ளிப்போட்டவரை யாரும் கேட்பதில்லை.

எண்ணெய் கொட்டிவிட்டால் முதலில் எஞ்சினை நிறுத்தி, எண்ணெய்க் குழாயை அடைத்தல் வேண்டும். பீடியும் விளக்கும் அருகில் வரலாகாது. உடனே கிணற்றுப் பக்கமாக மண்ணால் சிறு வரப்பு அணைத்து, பின்னர் உலர்ந்த மணல் அல்லது மரத்தூளைத் தூவி, ஊறியபின் வாரி மூடியுள்ள தகர டப்பாவிற் சேர்க்க வேண்டும். சாம்பலும் உதவும், ஆனால் அடுப்பிலிருந்து அப்பொழுதே அள்ளிய சாம்பல், கனல் மறைந்திருக்கக் கூடுமாதலால், விபரீதமாய் முடியும். தண்ணீர் ஊற்றிக் கழுவுவதே பொதுவான வழக்கம். அதுவே மிகவும் கெடுதல். தண்ணீரின் மேல் எண்ணெய் மிதந்து பரவிக் கிணற்றையோ வாய்க்காலையோ சென்று சேரும். தீப்பற்றினாலும் தண்ணீர் அத்தீயைப் பரப்புமேயன்றி அணைக்காது. மணலையே வீசுதல் வேண்டும்.

கிணற்றிலேயே எண்ணெய் விழுந்துவிடின், இறைத்துத் தள்ளிவிடலாமென்று எஞ்சினை ஓட்டுவது தவறு. நீர்மட்டம் இறங்க இறங்க எண்ணெய் சுற்றுச்சுவர்க் கற்களிற் பூசிக்கொள்ளும். இறுதியில் புட்வால்வையும் எட்டும். சோப்புத் தூள் போட்டாலோ எண்ணெய் நுண்துளிகளாய் நீருடன் கலந்து பிரிக்க முடியாததாகிவிடும். வைக்கோற் கற்றையையோ பழஞ்சாக்கையோ கயிற்றிற் கட்டி மேற்பரப்பில் மிதக்கவிட்டு, படலம் நீங்கும்வரை திரும்பத் திரும்ப எடுத்தலே நன்று. அதுவரை அந்நீரை மனிதரும் மாடும் குடிக்கலாகாது.

மாற்றி எடுத்த கறுப்பெண்ணெயைக் கரையானுக்கென்று கம்பங்களுக்குப் பூசுவதும், மிச்சத்தை வேலியோரம் கொட்டுவதும் வழக்கம். தேய்ந்த உலோகத் துகள் கலந்த அவ்வெண்ணெய் மண்ணுக்கு ஆகாது. பீப்பாயிற் சேர்த்து, அனுமதி பெற்ற மறுசுத்திகரிப்பாளருக்குச் சேரும்படி கொடுப்பதே முறை.

எஞ்சினடியில் ஒரு தகரத் தட்டும், எண்ணெய் ஊற்ற ஒரு புனலும் இருந்தால் பெரும்பாலான சிந்தல் தரையைத் தொடாது. புதிதாய்க் கொட்டகை கட்டுவோர் தளத்தைக் கிணற்றுக்கு எதிர்ப்புறமாகச் சாய்த்து, கிணற்றோரம் நான்கு விரல் உயரத்தில் ஒரு திண்டு எழுப்பிவிடலாம். அதற்குச் சில செங்கல்லும் சிறிது சிமெண்டும் போதும்.