லாக்புக் எண்ணிக்கை தேர்ச்சிக்குச் சான்று ஆகாது

எண்டோஸ்கோப் வழியே செய்யும் சைனஸ் அறுவை சிகிச்சையில் கருவி போகும் பாதை மிகக் குறுகலானது. பக்கவாட்டில் கண்குழியைப் பிரிப்பது காகிதம்போல் மெல்லிய எலும்பு. மேலே மூளையின் அடித்தளம். பின்னால், ஸ்பீனாய்டு சைனஸின் சுவரையொட்டிப் பார்வை நரம்பும் கரோட்டிட் தமனியும். அமெரிக்க மருத்துவர் ஸ்டான்கீவிச் 1980களின் இறுதியில் தம்முடைய அறுவைகளின் கணக்கையே வெளியிட்டார். தொடக்கத்தில் செய்தவற்றில் பத்தில் மூன்று பேருக்குச் சிறிதும் பெரிதுமாகச் சிக்கல்கள். பின்னர் செய்தவற்றில் அது நூற்றுக்கு இரண்டு மூன்றாகக் குறைந்தது. அனுபவம் நோயாளியைக் காக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. ஆனால் அந்த அனுபவத்துக்கு விலை கொடுத்தவர்கள் முதலில் வந்த நோயாளிகள். கற்றலின் அந்த முதல் கட்டத்தை நோயாளியின் உடலுக்கு வெளியே முடிக்க முடியும்; முடித்தாக வேண்டும்.

தலைவிளக்கு வெளிச்சத்தில் அறுவை செய்த காலத்தில் மூக்கின் உட்புறம் செய்பவருக்கு மட்டுமே தெரிந்தது. ஆஸ்திரியாவின் கிராஸ் நகரில் மெஸ்ஸர்கிளிங்கரும் ஸ்டாம்பெர்கரும் வளர்த்த எண்டோஸ்கோப் முறையை 1980களில் மருத்துவர் கென்னடி அமெரிக்காவில் பரப்பினார். பிறகு கேமராவும் திரையும் வந்தன. பேராசிரியர் பார்ப்பதை மாணவரும் பார்க்கிறார். இது பெரிய வரம், ஆனால் ஏமாற்றவும் செய்கிறது. திரையில் ஐம்பது முறை பார்த்தவருக்கு வழி தெரிந்துவிட்டதாகத் தோன்றும். இடக்கையில் எண்டோஸ்கோப், வலக்கையில் கருவி என்று பிடித்த பிறகுதான் திரையில் ஆழம் தெரியவில்லை என்பது புரிகிறது. முப்பது பாகைச் சாய்வுள்ள லென்ஸில் திசையும் குழம்பும். மாணவரின் பயிற்சிப் பதிவேடான லாக்புக்கில் ‘உதவி செய்தார்’ என்று பதிவாகும் எண்ணிக்கை இந்தக் குழப்பத்தைக் காட்டுவதே இல்லை.

ஆகவே எண்ணிக்கையை விட்டுப் படிநிலைகளை அளக்க வேண்டும். அன்சினேட் எலும்பை அகற்றி மேக்சில்லரி சைனஸைத் திறப்பது முதல் படி; எத்மாய்டு அறைகள் அடுத்தது; ஸ்பீனாய்டும் ஃபிரான்டலும் கடைசி. ஒவ்வொரு படியையும் சடலத்திலோ மாதிரியிலோ செய்துகாட்டிய பிறகே அதே படியை அறுவை அரங்கில் தொட அனுமதிக்கலாம். சி.டி. ஸ்கேனைப் படிப்பதும் தேர்வுக்குரிய ஒரு படியே. மூளை அடித்தளம் எவ்வளவு தாழ்ந்து தொங்குகிறது என்பதை 1962இல் கேரோஸ் என்பவர் மூன்று வகையாகப் பிரித்தார். தன் நோயாளி எந்த வகை என்று சொல்ல முடியாதவர் கையில் கருவியைக் கொடுக்கக் கூடாது. அறுவைகள் ஒளிப்பதிவாகவே கிடைப்பதால், மாணவரை அறியாத வேறொரு ஆசிரியர் அவற்றைப் பார்த்து மதிப்பெண் இடலாம். இந்த வசதி வேறு பல அறுவைகளுக்கு இல்லை.

சடலங்கள் போதவில்லை, பயிலரங்குக் கட்டணம் அதிகம் என்பது நியாயமான மறுப்பு. ஆனால் செம்மறி ஆட்டுத் தலையில் கேமராவையும் கருவியையும் சேர்த்தியக்கும் பழக்கத்தைக் குறைந்த செலவில் வளர்க்கலாம். பல நாடுகளில் அப்படிப் பயிற்றுவித்திருக்கிறார்கள். அதில் இரத்தம் கசிந்து காட்சியை மறைக்காது என்பதும் உண்மைதான். அந்தப் பாடம் அரங்கில்தான் கிடைக்கும். ஆனால் கையசைவே பழகாதவர் இரத்தக்கசிவையும் சேர்த்துச் சமாளிக்க வேண்டுமென்பது நோயாளிக்கு இழைக்கும் அநீதி. அறுவைக் கருவி எங்கே இருக்கிறது என்று ஸ்கேன் படத்தில் காட்டும் வழிகாட்டிக் கருவி வந்துவிட்டதே என்பாரும் உண்டு. அதன் பிழையே ஏறத்தாழ இரண்டு மில்லிமீட்டர். காக்க வேண்டிய எலும்போ ஒரு மில்லிமீட்டர் கனம்கூட இல்லை. மூன்றாண்டு முதுநிலைப் படிப்பில் மூன்று மாதம் மாவட்ட மருத்துவமனைப் பணிக்குப் போகிறது என்ற நேர நெருக்கடியும் மெய்யே. அதனால்தான் முதலாண்டிலேயே மாதிரிப் பயிற்சி தொடங்க வேண்டும். அதன் செலவை மாணவர் அல்ல, கல்லூரியே ஏற்க வேண்டும்.