வெள்ளி எத்தனை கிராம்?

போன ஞாயிறு, ஜோகுபாளையத்தில் எங்கள் வீட்டுக்கு வந்த அத்தை, பேத்தி கல்யாணத்துக்கு எடுத்த காஞ்சிப் பட்டைக் காட்டினார். எல்லோரும் கேட்டது ஒரே கேள்வி: "ஜரிகையில வெள்ளி எவ்வளவு?" பேங்கில் நகைக்கடன் பார்க்கிற நானும் அதையேதான் கேட்டேன். வெட்கம்!

உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். மூன்று நாடா வைத்து, உதவிக்கு இன்னொருவரும் உட்கார்ந்து இழைக்கு இழை கோர்க்கும் அந்தக் கோர்வை எந்தத் தராசில் நிற்கும்?

ஜப்பானில் இட்சிகு குபோட்டா சாயமிட்ட கிமோனோக்களுக்கென்றே 1994ல் அருங்காட்சியகம் திறந்தார்கள். அங்கே துணிதான் ஓவியம். தேர்ந்த நெசவாளரை 'வாழும் தேசியப் பொக்கிஷம்' என்று அரசே கௌரவிக்கிறது. நாமோ 2005ல் புவிசார் குறியீடு வாங்கியதோடு சரி.

மக்களே, அடுத்தமுறை கடையில் "யார் நெய்தது?" என்று கேளுங்கள். கடைக்காரர் முழிக்கட்டும்!