பெற்றவளுக்கும் பேர் போடுங்கள்

தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 1,350 ரூபாவிலிருந்து 1,550 ஆகும், அதற்கு மேல் 200 ரூபாவை வருகை ஊக்கத்தொகையாக அரசே தரும் என்று அறிவித்தது இலங்கையின் 2026 வரவு-செலவுத் திட்டம். 1,750 போதுமா போதாதா என்று எல்லோரும் வாதாடினார்கள். காலைப் பெரட்டுக்கு வந்து பேர் பதிந்தால்தான் அந்த 200 என்றால், பிள்ளை பெற்று லயன் காம்பராவில் படுத்திருப்பவளுக்கு என்ன வழி என்று எத்தனை பேர் கேட்டார்கள்?

கணக்குப் பார்ப்போம். மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டம் 1939இல் வந்தது. மூன்றாவது பிள்ளை என்றால் லீவைப் பாதியாக வெட்டும் விதி 2018இல்தான் ஒழிந்தது. இன்று எத்தனையாவது பிள்ளைக்கும் 12 வாரம். வாரம் ஆறு நாள் வேலை என்றால் 72 நாள்; நாளுக்கு 200 வீதம் 14,400 ரூபா. பச்சை உடம்புக்காரி சத்தாகச் சாப்பிடவும், டெஸ்போட், கிளாசோ போன்ற தோட்டங்களிலிருந்து ஆட்டோ பிடித்து கிளினிக் போகவும் உதவும் காசு அது. பிரசவத்துக்குப் பிந்திய ஆறு வாரத்தில் தாயையும் பிள்ளையையும் நான்கு முறையாவது பார்க்கவேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். தையல் ஆறாதவள் மேட்டு லயத்திலிருந்து படியிறங்கி வருவாளா? குடும்பநல உத்தியோகத்தரான மிஸ்ஸிதான் ஏறிப் போகவேண்டும்.

"இப்போது எல்லாரும் ஆஸ்பத்திரியில்தானே பெறுகிறார்கள்" என்பது அதிகாரிகளின் பல்லவி. பெற்று வீடு திரும்பிய பிறகு? 2016ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார மதிப்பாய்வை எடுத்துப் பாருங்கள். வயதுக்கேற்ற உயரமில்லாத ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகள் நாடு முழுவதும் 17.3 சதவீதம், நகரத்தில் 14.7, கிராமத்தில் 17.0, தோட்டத்தில் 31.7. கிராமத்தைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு! ஒரே நாடு, ஒரே தடுப்பூசி, ஒரே திரிபோஷா சத்துமா. பிறகு ஏன் இந்த வித்தியாசம்? தாயின் உடம்பு தேறுவதற்குள் அவளைக் கொழுந்து மலைக்கு ஏற்றிவிடுகிறோம் என்பதும் ஒரு பதில்.

பாலூட்ட இடைவேளை சட்டத்தில் இருக்கிறது. பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக்காம்பரா இருந்தால் அரைமணி நேரம், நாளுக்கு இரண்டு தடவை. மேல் மலையில் நிற்பவள் கூடையை இறக்கி வைத்து, சரிவில் இறங்கி, பிள்ளையை மடியில் போட்டு, மறுபடி மலை ஏறுவதற்குள் அந்த அரைமணி எங்கே போகும்? நிறுவைக்கு வரும்போது கொழுந்து குறைந்தால் அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம்.

வருகையைக் கூட்டத்தானே ஊக்கத்தொகை என்பார்கள். பெற்றுக் கிடப்பவளையா மலைக்கு ஊக்கப்படுத்துகிறீர்கள்? தோட்டக் கம்பெனிகளின் நட்டக் கணக்கும் இங்கே எடுபடாது. இந்த 200 அரசின் பணம்.

பிரசவ லீவு நாட்களையும் வருகை நாட்களாக எழுதுங்கள். ஒவ்வொரு டிவிஷனுக்கும் தமிழ் பேசும் குடும்பநல உத்தியோகத்தரை நியமியுங்கள். மலையக மக்களின் வாக்கில் நாடாளுமன்றம் போனவர்கள், எந்தக் கட்சியானாலும், இந்த இரண்டையும் கேட்டு வாங்கவேண்டும். அதுவரை 1,750 என்று மேடையில் மார்தட்ட ஒருவருக்கும் உரிமையில்லை.