கார்புரேட்டருக்குக் கீழே ஓர் அங்குலம்

பழைய அமெரிக்க வி-8 கார் வைத்திருப்பவர்களைக் குறிவைத்து விற்கப்படும் சாமான்களில் கார்புரேட்டர் ஸ்பேசரைப் போல எளிமையானது அதிகம் இல்லை. அரை அங்குலத்திலிருந்து இரண்டு அங்குலம் வரை தடிமனுள்ள ஒரு கட்டை, அவ்வளவுதான். கார்புரேட்டரைக் கழற்றி, அதற்கும் இன்டேக் மேனிஃபோல்டுக்கும் நடுவில் இதை வைத்து, நீளமான ஸ்டட் போட்டு முடுக்கினால் வேலை முடிந்தது. அலுமினியத்தில் கிடைக்கும், பிளாஸ்டிக்கில் கிடைக்கும், ஒட்டுப்பலகையிலும் பேக்கலைட் வகைப் பிசினிலும்கூடக் கிடைக்கும். விளம்பரம் மட்டும் எல்லாவற்றுக்கும் ஒன்றே: குதிரைத்திறன் கூடும். ரேஸ் தடத்தில் அது பெரும்பாலும் உண்மை. தெருவில் ஓடும் காருக்கும் இந்தக் கட்டை நல்லதுதான், ஆனால் வேறொரு காரணத்துக்காக. அந்தக் காரணம் தெரியாமல் வாங்குகிறவர்கள் தங்கள் காருக்குப் பொருந்தாத கட்டையை வாங்குகிறார்கள் என்பது என் கட்சி.

முதலில் ரேஸ்காரர்களின் நியாயத்தைப் பார்த்துவிடலாம். செவ்ரலே 1967இல் கமாரோ காருடன் கொண்டுவந்த 350 கன அங்குல இன்ஜினை, அதாவது 5.7 லிட்டர் ஸ்மால் பிளாக்கை, எடுத்துக்கொள்வோம். நான்கு துளைக் கார்புரேட்டர் வழியாகக் காற்றும் பெட்ரோலும் நேர் கீழே இறங்குகின்றன. இறங்கிய வேகத்தில், கிட்டத்தட்ட செங்கோணத்தில் திரும்பி சிலிண்டர்களை நோக்கி ஓட வேண்டும். காற்று வளைந்துவிடும். பெட்ரோல் துளிகள் கனமானவை, சட்டென்று வளையாமல் மேனிஃபோல்டின் தரையில் போய் மோதும். கார்புரேட்டரை உயர்த்தினால் திருப்பம் தளர்கிறது, கீழே உள்ள அறையின் கொள்ளளவும் கூடுகிறது. எட்டு சிலிண்டரும் ஒரே அறையிலிருந்து இழுக்கும் சிங்கிள் பிளேன் மேனிஃபோல்டில், நடுவில் முழுக்கத் திறந்த ஸ்பேசரை வைத்தால், நிமிடத்துக்கு 5,000 சுற்றுக்கு மேல் சில குதிரைத்திறன் கூடுவது வியப்பில்லை. டூயல் பிளேனில் கதை கொஞ்சம் வேறு. அதன் நடுச்சுவர் கார்புரேட்டரை இரண்டு பாதியாகப் பிரித்து, பாதிக்கு நான்கு சிலிண்டர் என்று ஒதுக்குகிறது. திறந்த ஸ்பேசர் அந்தச் சுவரின் தலைக்கு மேல் இடைவெளி விடுவதால், ஒவ்வொரு சிலிண்டரும் நான்கு துளைகளிலிருந்தும் இழுக்க முடிகிறது. மேல் சுற்றில் அது லாபம். கீழ்ச் சுற்றில் விலை கொடுக்க வேண்டியிருக்கிறது: கார்புரேட்டர் துளையின் குறுகிய கழுத்தான வென்சுரியில் ஏற்படும் அழுத்தக் குறைவுதான், பெட்ரோல் தேங்கி நிற்கும் ஃப்ளோட் சேம்பரிலிருந்து பெட்ரோலை உறிஞ்சி எடுக்கிறது, ஒரே இழுப்பு நான்கு துளைக்குப் பங்கானால் அந்த உறிஞ்சல் பலவீனமாகும். ஆக்சிலரேட்டரை மிதித்ததும் இன்ஜின் ஒரு கணம் திணறும். அதைச் சரிசெய்யக் கூடுதல் பெட்ரோல் விடும் பெரிய ஜெட் போடுவார்கள், பிறகு பெட்ரோல் செலவைப் பற்றி அங்கலாய்ப்பார்கள். துளைக்குத் துளை தனித்தனிக் குழாயாக நீளும் நான்கு துளை ஸ்பேசரில் இந்தத் தொல்லை வெகுவாகக் குறைவு.

இந்த லாப நட்டம் எல்லாம் எந்தச் சுற்றில் நடக்கிறது என்பதுதான் கேள்வி. பின் ஆக்சில் விகிதம் 3.08, டயரின் விட்டம் 27 அங்குலம் என்று வைத்துக்கொள்வோம். அந்தக் காலத்துச் சாலைக் கார்களில் சாதாரணமாகக் காணப்படும் கணக்கு இது. நேரடி டாப் கியரில் 2,500 சுற்றுக்கு வண்டி மணிக்குச் சுமார் 105 கிலோமீட்டர் போகும். 5,500 சுற்றுக்கு 230. அமெரிக்க நெடுஞ்சாலையிலும் அந்த வேகத்தில் போனால் அடுத்த நிறுத்தம் காவல் நிலையம்தான். 105இல் சீராகப் போகும்போது த்ராட்டில் தகடுகள் சிறிதளவே திறந்திருக்கின்றன. காற்றின் வழியில் இருக்கும் முட்டுக்கட்டை அந்தத் தகடுகளே. தகட்டுக்குக் கீழே பாதை ஓர் அங்குலம் நீண்டதா, வளைவு தளர்ந்ததா என்பது இன்ஜினுக்கு ஒரு பொருட்டே இல்லை. ஸ்பேசரின் வடிவம் பேசத் தொடங்குவது மிதியைத் தரைவரை அழுத்தும்போதுதான். தெரு ஓட்டத்தில் அது சில நொடிகளின் விவகாரம்.

ஆனால் அந்தக் கட்டை எதனால் ஆனது என்பது, வண்டியை அணைத்து நிறுத்திய பிறகும் வேலை செய்கிறது. பழைய வி-8களின் மேனிஃபோல்டில், கார்புரேட்டருக்கு நேர் கீழே, எக்ஸாஸ்ட் வாயு ஓடும் ஒரு குறுக்கு வழி உண்டு. குளிர்ந்த இன்ஜினில் பெட்ரோலை ஆவியாக்க வேண்டுமென்றே வைத்தது. வெயில் நாளில் வண்டியை நிறுத்தியதும் ஃபேன் நிற்கிறது, தண்ணீர் சுழற்சி நிற்கிறது, தேங்கிய சூடு முழுவதும் மேலே ஏறுகிறது. ஃப்ளோட் சேம்பரில் பெட்ரோல் கொதித்து மேனிஃபோல்டுக்குள் சொட்டும். பத்து நிமிடம் கழித்து ஸ்டார்ட்டர் சுற்றிக்கொண்டே இருக்கும், இன்ஜின் பிடிக்காது. இன்றைய பெட்ரோல் இதை இன்னும் மோசமாக்குகிறது. பத்து சதவீத எத்தனால் கலந்தால் பெட்ரோலின் ஆவி அழுத்தம் ஏறக்குறைய ஒரு பி.எஸ்.ஐ. கூடுகிறது. அழுத்தத்தில் மூடிய குழாயில் பெட்ரோல் ஓடும் இன்ஜெக்‌ஷன் கார்களுக்கு இது பிரச்சினையில்லை, ஃப்ளோட் சேம்பரோ வெளிக்காற்றுக்குத் திறந்தே இருக்கிறது. இங்கேதான் பேக்கலைட் வகைக் கட்டைக்கு மதிப்பு. அலுமினியத்தோடு ஒப்பிட்டால் அது வெப்பத்தைப் பல நூறு மடங்கு குறைவாகவே கடத்தும். நம் ஊர் பைக்குகளில் கார்புரேட்டருக்கும் இன்ஜின் ஹெட்டுக்கும் இடையே கம்பெனியே வைத்து அனுப்பிய கறுப்புத் துண்டும் இதற்குத்தான். 2020இல் பி.எஸ்.6 மாசு விதிகள் வந்து இன்ஜெக்‌ஷன் பரவும்வரை எத்தனையோ வண்டிகளில் அது சத்தமில்லாமல் கிடந்தது, யாரும் அதைக் காட்டிக் குதிரைத்திறன் விற்கவில்லை. பளபளக்கும் அலுமினிய ஸ்பேசர் சூட்டை அப்படியே மேலே அனுப்பிவிடும்.

வெப்பத்தைப் பற்றியும் மிகைப்படுத்துகிறார்கள். கட்டை காற்றைக் குளிர்விக்கிறது, குளிர்ந்த காற்று அடர்ந்தது, ஆகவே சக்தி கூடும் என்பது வாதம். ஓர் அங்குல நான்கு துளை ஸ்பேசருக்குள் அடங்கும் காற்று சுமார் 0.15 லிட்டர். 5,000 சுற்றில் இந்த இன்ஜின் நொடிக்கு ஏறத்தாழ 200 லிட்டர் இழுக்கிறது. அந்தத் துளையைக் கடக்கக் காற்றுக்கு ஆயிரத்தில் ஒரு நொடிகூட ஆகாது. அதற்குள் அது எவ்வளவு சூடாகும், அல்லது சூடாகாமல் தப்பும்?

இன்ஜினின் சக்தியை அளக்கும் டைனோ இயந்திரத்தின் காகிதத்தை நீட்டி மறுக்கிறவர்கள் உண்டு. அந்த வரைபடம் பொய் என்று நான் சொல்லவில்லை. அது முழு மிதியில், பெரும்பாலும் 2,500 அல்லது 3,000 சுற்றிலிருந்து மேலே எடுத்தது. தெருக் கார் தன் வாழ்நாளில் பெரும்பகுதியைக் கழிக்கும் இடம் அந்தக் காகிதத்தின் விளிம்புக்கு வெளியே இருக்கிறது. ஒரே இன்ஜினை மாற்றமின்றி இரண்டு முறை ஓட்டினாலே ஒரு சதவீதம் முன்பின்னாக வரும். 350 குதிரைத்திறன் இன்ஜினுக்கு அது மூன்று, நான்கு. விற்கப்படும் லாபத்தில் ஒரு பங்கு அதற்குள்ளேயே ஒளிந்துகொள்ளலாம். ஓர் இன்ஜினில் ஏற்றம் தந்த ஸ்பேசர் இன்னொன்றில் இறக்கம் தருவதும் உண்டு. அதனால்தான் ரேஸ் பட்டறைகளில் பல வகைகளை வைத்துக்கொண்டு மாற்றி மாற்றிச் சோதிக்கிறார்கள். மலிவான சாமான்தானே, போட்டால் என்ன கெடும் என்பது இன்னொரு மறுப்பு. ஜெனரல் மோட்டார்ஸின் 700ஆர்4 ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸில் எண்ணெய் அழுத்தத்தைத் தீர்மானிக்கும் கேபிள் கார்புரேட்டர் லீவரிலிருந்து போகிறது. மேனிஃபோல்டில் இருக்கும் பிராக்கெட்டை விட்டுவிட்டு கார்புரேட்டரை மட்டும் உயர்த்தினால் கேபிளின் கோணமும் இழுப்பும் மாறும், அழுத்தம் குறையலாம், குறைந்தால் கிளட்ச் தட்டுகள் கருகும். மலிவான கட்டைக்குக் கியர்பாக்ஸ் விலை கொடுத்தவர்கள் இருக்கிறார்கள்.

நான் மதிக்கும் மறுப்பு ஒன்றுதான். 1960களில் ஃபோர்டு தன் சில வி-8களில் ஸ்பேசரைக் கம்பெனியிலேயே வைத்தது, அதற்குள் ரேடியேட்டர் வெந்நீரை ஓடவிட்டு! சூட்டைத் தடுக்க அல்ல, கொடுக்க. பெட்ரோல் ஆவியாகும்போது கார்புரேட்டரின் வெப்பத்தை உறிஞ்சுகிறது. ஈரமும் குளிரும் சேர்ந்த காற்றில் த்ராட்டில் தகட்டில் பனி கட்டி இன்ஜின் அடங்கிப்போகும். பனிக்காலம் முழுக்க வண்டி ஓட்டுகிற ஊர்க்காரருக்கு என் பேக்கலைட் சிபாரிசு செல்லாது. கோடையில் மட்டும் வெளியே எடுக்கும் காருக்குச் செல்லும், இன்று எஞ்சியிருக்கும் பழைய வி-8களில் பல அந்த வகைதான்.

டூயல் பிளேன் மேனிஃபோல்டு, சாலை ஓட்டம், வெயில் என்றால் பேக்கலைட் வகையில் நான்கு துளை ஸ்பேசர் போதும். வாங்குவதற்கு முன் ஏர் கிளீனர் மூடியின்மேல் களிமண் உருண்டை ஒன்றை ஒட்டி, பானெட்டை மெதுவாக மூடித் திறந்து, நசுங்கியது போக மிஞ்சிய உயரத்தை அளந்துகொள்ளலாம். ஓர் அங்குலத்துக்கு இடமில்லையென்றால் அரை அங்குலமே வாங்கலாம். ஃப்ளோட் சேம்பரைக் காக்கும் வேலையில் அந்த அரை அங்குலம் பெரிதாகக் குறைவைக்காது.